மூக்கு லாரிக்கு நிலை வைத்தவர்

பழைய வண்டிகளுக்கு எண்ணெய் ஊற்றக் கூடாது என்று பெட்ரோல் பங்குகளில் பலகை மாட்டி, சில நாளிலேயே கழற்றி வைத்தார்களே, அந்த வருஷம். தீபாவளி முடிந்தும் புகை இறங்காமல் நின்றது. தில்லியில், முனிர்காவில் என் அறை வாசலில் நின்றால் எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியாது. அப்படி ஒரு காலையில் குர்மீத்திடமிருந்து போன் வந்தது. மாயாபுரியில் பழைய இரும்புக் கடைகளுக்குப் பின்னால் லாரிகளுக்குத் தகர வேலை பார்க்கும் பட்டறை அவனுடையது.

“பாபா, ஜல்தி ஆவோ. டிரைவர் சாப் சல் பசே.”

செங்கோடண்ணன் போய்விட்டார் என்பதை எனக்கு இந்தியில்தான் சொன்னார்கள். தமிழில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பட்டறைச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். பக்கத்தில் வைத்த டீயில் ஏடு கட்டியிருந்தது. எதிரே எண்ணெய்க் கறை படிந்த காலி மண். அவருடைய மூக்கு லாரி நின்ற இடம் அது. லாரி போன பிறகும் அவர் அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்காருவார் என்று குர்மீத் சொன்னான்.

சுடுகாட்டில் பதிவு எழுதுகிறவர் இறந்தவர் பெயரைக் கேட்டார். குர்மீத் சொன்னான். உடன் வந்தவர் பெயர் என்றார். குர்மீத் என்னைத் திரும்பிப் பார்த்தான். டவுசர் போட்ட காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவன். ‘பாபா’ என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. செங்கோடண்ணன் என்னைக் கூப்பிடுவது ஞாபகம் வந்ததோ என்னவோ, “கிளீனர்” என்றான். அவரும் எழுதிக்கொண்டார்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மாடியில் குடியிருக்கும் பெண் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்திக்கொள், நடந்ததைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். சாக்கடை நாலாவோரம் நம் குடிசைக் கேம்ப்பில் இருந்து, இன்று நரேலா என்றும் பவானா என்றும் ஊர் என்றும் சிதறிக் கிடக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவரை உங்களுக்குத் தெரியும். அவருடைய கடைசி வருஷங்கள் தெரியாது.

திருச்செங்கோட்டிலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு தில்லிக்கு வந்துபோன வண்டி அது. முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல். கேபின் முழுக்கத் தகரம், பலகை வேலை கிடையாது. அண்ணன் டிரைவர், நான் கிளீனர். அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு நடை பாவாயி அண்ணியும் எங்களோடு ஏறிக்கொண்டார். தில்லியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் பேச்சு. நாங்கள் வந்து இறங்கிய வாரத்தில் ஊரில் முதலாளி மாரடைப்பில் போய்விட்டார். அவர் பிள்ளைகளுக்கு அந்த வண்டியைப் பிடிக்காது. “ஓட்டை வண்டிய நீயே வெச்சுக்கோ செங்கோடா, திருப்பி ஓட்டிக்கிட்டு வராத” என்று தந்தி ஆபீஸ் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அப்படி எங்களுக்கு லாரியும் தில்லியும் சேர்ந்து வாய்த்தன.

முதல் கொஞ்ச நாள் வீடும் அந்தக் கேபின்தான். அண்ணனும் அண்ணியும் சீட்டில் படுப்பார்கள். நான் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில். கேம்ப்பில் குடிசை போட்டது அதற்கப்புறம்.

விளையாட்டுப் போட்டி வருகிறதென்று ஊரெங்கும் மேம்பாலம் கட்டிய வருஷத்தில் மணலும் ஜல்லியும் ஏற்றி ஏற்றி வண்டியின் இடதுபக்கக் கதவுச் சட்டம் அடியோடு இற்றுவிட்டது. கதவுச் சட்டத்துக்குக் கீழே, ஏறும்போது கால் படுகிற இடத்துக்கு உள்ளே, முன்னிருந்து பின்னுக்கு ஒரு தகரப் பெட்டி ஓடும். கேபினின் பாரத்தைத் தாங்குவதே அதுதான். பட்டறைக்காரர்கள் அதற்கு என்னென்னவோ இங்கிலீஷ் பெயர் சொல்வார்கள். அண்ணன் கதவுச் சட்டத்தை ‘நிலை’ என்பார். அடிப் பெட்டியை ‘வாசப்படி’ என்பார். வீட்டுக்குச் சொல்கிற பெயர்களையே லாரிக்கும் சொன்னார். அந்தச் சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அப்போது பட்டறை குர்மீத்தின் அப்பா பெரிய சர்தாரிடம் இருந்தது. அண்ணன் அவரிடம் தகர வேலை பழகிக்கொண்டு தானே புதுப் பெட்டியை மடித்தார். மூடி வெல்டிங் வைக்கப் போகிற நேரத்தில் அண்ணி மஞ்சள் துணியில் ஒரு முடிச்சோடு வந்தார். உள்ளே நவதானியமும் மஞ்சள் துண்டும்.

“ஏனுங்க, நெலை வெக்கறீங்கன்னு சொன்னீங்க. அடியில ஒண்ணும் வெக்காம எப்படி மூடறது?”

“லாரிக்கு எதுக்கு புள்ள?”

“நம்முளுக்கு வேற எங்க நெலை இருக்குது? குடிசைக்குச் சாக்குதானுங் கதவு.”

அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. பெட்டியின் நடுவில், வெல்டிங் சூடு படாத இடமாகப் பார்த்து முடிச்சை வைத்தார். பெரிய சர்தார் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏ மத்ராசி, லாரி மே கேத்தி கரேகா க்யா?” லாரிக்குள் வெள்ளாமை பண்ணப் போகிறாயா என்று அர்த்தம். நாங்களும் சிரித்தோம். மூடி, நாலு ஓரமும் ஈரம் புகாதபடி அடைத்தார். அடியில் தண்ணீர் வடிய இருந்த ஓட்டைகளையும் அடைத்தார். சாமிக்கு வைத்த தானியம் ரோட்டில் கொட்டிவிடக் கூடாதே என்று.

லாரி ஓடி ஓய்ந்து பட்டறை மூலையில் நின்றது. அண்ணன் அங்கேயே தகர வேலைக்காரராகிவிட்டார். நான் சரோஜினி நகரில் துணிக்கடைகளுக்கு மூட்டை தூக்கப் போனேன். அவரவர் பிழைப்பு.

வெளிநாட்டுப் பெரியவர்கள் வருகிறார்கள் என்று ரோட்டோரக் குடிசைகளுக்கு முன்னால் பச்சைத் துணி கட்டினார்களே, யமுனை கரையேறி ரிங் ரோட்டில் ஓடியதே, அந்த வருஷம் நம் கேம்ப்பை இடித்தார்கள். அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நரேலாவில் மாற்று வீடு யாருக்கு என்று பெயர் வாசித்தபோது செங்கோடன் பெயர் வரவில்லை. அண்ணன் கேட்டார். வாசித்தவர், “உன் பெயரில் லாரி இருக்கிறது. லாரி முதலாளிக்குக் குடிசை வீடு எதற்கு?” என்றார். அண்ணனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. “நான் மொதலாளியாடா கிளீனர்?” என்று என்னிடம் கேட்டார்.

அன்று சாயங்காலமே அண்ணியும் அவரும் சட்டி பானையோடு மூக்கு லாரிக்குக் குடிபோனார்கள். கல்யாணமான புதிதில் படுத்த அதே சீட்டில்.

டிரைவர் பக்கக் கதவு எப்போதோ துருவேறி ஒட்டிப்போயிருந்தது. இடதுபக்கக் கதவு ஒன்றுதான் வழி. அதுவும் சாத்தாது. வாசப்படி இற்று நிலை கீழே இறங்கியிருந்ததால் கதவு வந்து சட்டத்தில் இடித்து நின்றுவிடும். கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். அந்த இடுக்கில் நாய் மூக்கை விடும். குளிர் உள்ளே வரும். பட்டறைக்கு வருகிற ஆம்பிளைகள் போகிற போக்கில் உள்ளே பார்ப்பார்கள். அண்ணிக்கு முட்டிவலி வேறு. அவர் வேறெதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

“எனக்கு நரேலாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாமுங்க. இந்தக் கதவு சாத்தோணும். அது போதும்.”

“பனி உளுகறதுக்குள்ள சாத்திப்போடறேன் புள்ள.”

அந்தப் பனிக்குள் முடியவில்லை.

வேலையை அவர் எப்படித் தொடங்கினார் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கேபினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, கட்டை அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினார். பிறகு கதவு வாய்க்குக் குறுக்கே ஓர் இரும்புக் குழாயை வெல்டிங் வைத்தார். அது இல்லாமல் அடிப் பெட்டியை வெட்டினால் கேபின் உட்கார்ந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் எந்த நிலைக்கும் பொருந்தாது. அண்ணி அந்தக் குழாயைப் பிடித்துத்தான் ஏறி இறங்குவார். “இது நல்லாருக்குதுங்க, புடிச்சு ஏறறதுக்கு. வேலை முடிஞ்சாலும் எடுத்துப்போடாதீங்க” என்பார். “அப்பறம் கதவு எப்படிடி சாத்தறது?” என்று அண்ணன் கத்துவார். தினம் இந்தச் சண்டை நடக்கும்.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகரம் கணீரென்று சொல்லும். இற்ற தகரம் பொதுக்கென்று சொல்லும். “நல்ல தகரம் எங்க ஆரம்பிக்குதோ அதுவரைக்கும் வெட்டோணும்டா. பாவம் பாத்து மிச்சம் வெச்சா அதுவே தின்னுபோடும்.” இதை அவர் எல்லா வண்டிக்கும் சொல்வார். இந்த வண்டியில் தட்டிக்கொண்டே போனார். வாசப்படியிலிருந்து நிலை, நிலையிலிருந்து கேபின் தளம், தளத்திலிருந்து பின்சுவர். கணீர் வரவே இல்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். “எங்கடா கிளீனர் நிறுத்தறது?” என்றார்.

அடிப் பெட்டியை அறுத்துப் பிரித்த அன்றுதான் அந்த முடிச்சு வெளியே வந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். துணி கறுத்து, தானியம் முளைவிட்டு அழுகிக் காய்ந்து, வறட்டி மாதிரி தகரத்தோடு ஒட்டிக் கிடந்தது. அந்த இடத்தைச் சுற்றித் தகரமே இல்லை. அங்கிருந்து இரண்டு பக்கமும் போகப் போக ஓட்டை சிறிதாகிக்கொண்டே போனது. பார்த்ததும் விளங்கிவிட்டது. ஜன்னல் வழியாக நிலைக்குள் கசிந்து இறங்கிய மழைத் தண்ணீர் எல்லாம் அந்த முடிச்சில் ஊறி, வடிய ஓட்டை இல்லாமல், வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்திருக்கிறது. துரு வெளியிலிருந்து வரவில்லை. நாங்கள் வைத்த இடத்திலிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

அண்ணன் அந்த வறட்டியைப் பெயர்த்தெடுத்து என் கையில் திணித்தார். “கொண்டுபோயி எங்கயாவது போட்டுரு. அவகிட்டச் சொல்லாத.”

மேலே சீட்டிலிருந்து குரல் வந்தது. “நான் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்.”

நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். அண்ணி குறுக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாந்தான் வெச்சேன். நீங்க எதுக்கு மறைக்கறீங்க? என்ன கொழுந்தனாரே, நீங்களும் சேந்துக்கறீங்களா?”

“அதில்ல அண்ணி...”

“சர்தாரு அன்னிக்கே சொன்னாரு, வெள்ளாமையான்னு. வெளஞ்சிருக்குது பாருங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. “ஓட்டைய அடச்சது நானு” என்றார். “தானியம் வெச்சதுல தப்பில்ல. தண்ணி உள்ள போறத ஆரும் நிறுத்த முடியாது. வெளிய போக வழி விட்டிருக்கோணும்.” அன்று முழுக்க அவர் வேறு வேலை பார்க்கவில்லை.

புதுத் தகரத்துக்கு அவர் ஏதோ நொறுங்கிய வேனின் கூரையை வெட்டி எடுத்தார். ஒட்டுப்போடும்போது ஒரே இடத்தில் நெருப்புக் காட்ட மாட்டார். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு. சூடு ஏறினால் தகரம் நெளிந்துவிடும். பட்டறை வேலை முடிந்து மிஞ்சிய வெளிச்சத்தில், கண்ணும் மங்கிவிட்ட வயதில், இது எவ்வளவு தூரம் போகும்? ஒரு முழம் ஒட்டினால் பக்கத்தில் ஒரு சாண் உதிரும். குர்மீத் ஒருநாள், “அங்கிள், பெயிண்ட் அடிச்சு மூடிடுங்க, போதும்” என்று இந்தியில் சொன்னான். “பெயிண்டு மேல சாய்ஞ்சு ஆரு தூங்கறது?” என்றார் அண்ணன். நான்தான் அதை இந்தியில் சொன்னேன்.

அடுத்த பனிக்காலம் வந்தது. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாத பனி. அண்ணிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பிவந்து அதே சீட்டில் படுத்தார். கதவில் கயிறு. கயிற்றுக்கு மேல் போர்வை. ஒரு காலையில் அண்ணன் டீ வாங்கி வந்து கயிற்றை அவிழ்த்தபோது உள்ளே சத்தமில்லை.

அண்ணியின் உடலை இறக்குவதற்குக் குறுக்குக் குழாயை அறுக்க வேண்டியிருந்தது. அண்ணனே அறுத்தார். கேபின் ஒரு முனகலோடு கொஞ்சம் இறங்கியது.

நான் மறுவாரம் போனபோது கேபினுக்கு மறுபடி ஜாக்கி கொடுத்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு குழாயை எடுத்து வைத்திருந்தார்.

“இனி ஆருக்குண்ணா இது?”

“நெலை வெக்க ஆரம்பிச்சு பாதியில நிறுத்தக் கூடாதுடா.”

“சாத்திட்டு உள்ள ஆரு இருக்கப் போறா?”

“நீ மூடிக்கிட்டு அந்தக் கம்பியப் புடி.”

பிடித்தேன். வேறென்ன செய்ய முடியும்? ஹோலி சமயத்தில் வாசப்படியை மூடினார். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. அடியில் வரிசையாக ஓட்டை போட்டார். ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றி, அது எல்லா ஓட்டை வழியாகவும் மண்ணில் சொட்டுவதைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னை உள்ளே உட்காரச் சொல்லி வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். முக்கால் பங்கு வந்து நின்றது. “சித்தத் தூக்கிச் சாத்தோணும்” என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினார். பூட்டு விழுந்தது. வெளிச் சத்தம் அடங்கியது. காற்றும் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கதவு அவ்வளவு நன்றாகச் சாத்தியிருந்தது.

மழைக்காலத்தில் சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். வயது கடந்த வண்டி தில்லியில் நிற்கக் கூடாது, ஓடினாலும் ஓடாவிட்டாலும். குர்மீத் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தான். அண்ணன் தனக்குத் தெரிந்த இந்தியில், “சாப், யே காடி நஹீ, கர் ஹை” என்றார். இது வண்டி இல்லை, வீடு என்று. வந்தவர் அலுப்போடு டயரைக் காட்டினார். வீட்டுக்குச் சக்கரம் உண்டா என்று கேட்டார். அவரும் நாள் முழுக்க இப்படிப் பேச்சைக் கேட்டு அலுத்தவராகத்தான் தெரிந்தார். வீடு கேட்ட இடத்தில் அதை லாரி என்றார்கள். லாரி என்றே வைத்துக்கொண்டாலும் அதற்கும் இடமில்லை.

கிரேன் லாரியை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்கியது. வாசப்படியின் ஓட்டைகள் வழியாக மழைத் தண்ணீர் கோடு கோடாக ஊற்றியது. உள்ளே அண்ணியின் தகரப் பெட்டி உருண்ட சத்தம் கேட்டது, அதை எடுக்க மறந்துவிட்டோம். மொத்த பாரமும் இடதுபக்கக் கதவின் மேல் விழுந்த மாதிரி வண்டி தொங்கி ஆடியது. அண்ணன் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அழப் போகிறார் என்று நினைத்தேன்.

“பாத்தியாடா கிளீனர்,” என்றார். “கதவு தொறக்கல.”

அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். லாரி தெருமுனை திரும்பும்வரை கதவு திறக்கவில்லை. அதன் பிறகு அதை என்ன செய்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்திலேயே பழைய வண்டிகளை நசுக்க மெஷின் இருக்கிறது.

என்னோடு முனிர்காவுக்கு வந்துவிடும்படி கூப்பிட்டேன். வரவில்லை. பட்டறையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு அந்தக் காலி மண்ணைப் பார்த்தபடி மழையையும் தீபாவளியையும் கழித்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் போன்.

அவர் வைத்திருந்த சுத்தியலைக் குர்மீத் என்னிடம் கொடுக்க வந்தான். எனக்கு எதற்கு? வேறு யாராவது வேலை செய்யட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டேன். எனக்கென்று மிஞ்சியது ஒன்று இருக்கிறது. முனிர்காவில் என் அறைக்குப் புதுக் கதவு, விரல் பட்டாலே சாத்திக்கொள்ளும். ஆனாலும் என் கை அதைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்துகிறது. எந்தக் கதவானாலும் அப்படித்தான். மாடிப் பெண் ஒருநாள், “ஏன் தாத்தா கதவைப் பேத்து எடுக்கறீங்க?” என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கித்தான் இவ்வளவும் சொன்னேன்.

அந்த மூக்கு லாரியின் நிலையைக் கண்ணால் பார்த்து, முடிச்சு வைத்த அன்று சேர்ந்து சிரித்தவர்களில் பெரிய சர்தார் முதலில் போனார். பிறகு பாவாயி அண்ணி. இப்போது செங்கோடண்ணன். சுடுகாட்டுப் பதிவில் கிளீனர் என்று எழுதியிருக்கிறதே, அந்த ஆள் இன்னும் இருக்கிறான். அவனுக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத் தில்லியில் இனி யாரும் இல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன்: செல்லமுத்து.